மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ஆகஸ்ட் 11, 2025 (கேள்வி)

வயது 29. எச்.ஐ.வி. பாசிட்டிவ். மாத்திரை ஒரு நாளும் தவறுவதில்லை. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோட் ரிப்போர்ட் கடைசி இரண்டிலும் "கண்டறியப்படவில்லை" என்றுதான் வந்தது. இப்போது ஒருத்தியோடு பழக்கம். இன்னும் படுக்கை வரை போகவில்லை, போகும் போலத் தெரிகிறது. என்னிடமிருந்து அவளுக்கு வராது என்று டாக்டரே சொல்லிவிட்டார். வராத ஒன்றைச் சொல்லி அவளைப் பயமுறுத்தி, என் பிழைப்பையும் எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? சொல்லத் தேவையில்லை என்பது என் கட்சி. முடிந்தால் மறுத்துப் பேசுங்கள்.

ஆகஸ்ட் 11, இரவு

மறுக்கிறேன். ஆனால் பாதிதான்.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வில், ஒருவர் பாசிட்டிவ் மற்றவர் நெகட்டிவ் என்று இருந்த ஜோடிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இரண்டாம் கட்டத்தின் முடிவு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 782 ஆண்-ஆண் ஜோடிகள், ஆணுறை இல்லாமல் 76,000 முறைக்கு மேல் உறவு. மருந்தால் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. 2016-இல் வந்த முதல் கட்டத்தில் ஆண்-பெண் ஜோடிகளும் இருந்தார்கள், அங்கேயும் பூஜ்யம்தான். ஆகவே "அவள் உயிரோடு விளையாடுகிறாய்" என்று யாராவது இங்கே வந்து கத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சொல்லுங்கள் என்கிறேனே, அது உங்கள் நிம்மதியை வைத்து. ஒரு ராத்திரியோடு முடிகிற பழக்கமென்றால் வற்புறுத்த மாட்டேன். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை தம்பி. தொடர்ந்து பார்க்கப் போகிறவள் என்றால் மாத்திரை டப்பாவுக்கு ஒரு கதை, ஆஸ்பத்திரி போகிற நாளுக்கு ஒரு கதை, ரிப்போர்ட் கவருக்கு ஒரு கதை கட்ட வேண்டும். கட்டின கதையெல்லாம் ஞாபகமும் இருக்க வேண்டும். நானும் பாசிட்டிவ்தான், நாற்பதைத் தாண்டியவள். இந்தக் கதைத் தொழிலில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, காலை

கதை என்றதும் நினைவுக்கு வந்தது. ஒருவருடன் பழகிய காலத்தில், ராத்திரி ஆனால் என் போனில் அலாரம் அடிக்கும். என்ன மாத்திரை என்று கேட்டார். தைராய்டு என்றேன். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அத்தைக்கு அதே தொல்லை. "உங்க டாக்டர் சரியில்லை" என்று அத்தையின் டாக்டர் நம்பரை அனுப்பிவைத்தார். அதோடு விட்டாரா, அத்தையையே போனில் பேச வைத்தார். கழுத்து வீங்கியிருக்கிறதா, முடி கொட்டுகிறதா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று அந்த அம்மா அக்கறையாக விசாரிக்க விசாரிக்க நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வைரஸை மறைக்கப் போய் இல்லாத கழலையை வளர்க்க வேண்டியதாயிற்று.

டப்பா பற்றி ஒன்று. லேபிளைச் சுரண்டுவது, மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்காமல் பஞ்சு அடைப்பது, விட்டமின் டப்பாவுக்கு மாற்றி வைப்பது, எல்லாம் நடக்கிறது. மாற்றுவதென்றால், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தையும் சேர்த்து மாற்றுங்கள். சில மாத்திரைகள் ஈரம் பட்டால் வீரியம் போய்விடும். இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. துணை வந்து தங்கிய ராத்திரியில் ஒளித்து வைத்த இடத்திலிருந்து எடுக்க முடியாமல் அன்றைய மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். அடிக்கடி தங்கினால் அடிக்கடி விடுகிறார்கள். "எனக்குத்தான் அடங்கியிருக்கிறதே, ஏன் சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தது, அடங்கியிருப்பதையே கெடுத்துவிடுகிறது.

ஆகஸ்ட் 12, மாலை

எப்போது சொல்வது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் சந்திப்பிலேயே போட்டு உடைத்துவிடுவது என்று ஒரு காலத்தில் வைத்திருந்தேன். பிடிக்காதவர் அப்போதே கழன்றுகொள்வார், மனசு ஒட்டுவதற்குள் விஷயம் முடிந்துவிடும். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பிறகுதான் உறைத்தது, முழுப் பெயர்கூடத் தெரியாத ஆட்கள் பல பேரிடம் என் ரகசியம் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் முறை பார்க்கவே பார்க்காத ஆட்கள். அவர்கள் யாரிடம் சொன்னார்களோ, எந்த ஊரில் பேசினார்களோ.

இப்போது என் கணக்கு வேறு. ஆளை ஓரளவு எடை போட்ட பிறகு, துணி கழற்றுவதற்கு முன்பு. அடுத்தவர் ரகசியத்தை அவர் எப்படிக் கையாளுகிறார் என்று பாருங்கள். பழைய காதலியின் அந்தரங்கம், கூட வேலை பார்ப்பவளின் கருக்கலைப்பு, நண்பனின் கடன், எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே உங்களிடம் கொட்டுகிறவர் நாளைக்கு உங்களையும் இன்னொருவரிடம் கொட்டுவார். அவரிடம் சொல்லாதீர்கள். அவரோடு படுக்கவும் வேண்டாம் என்பேன், அது உங்கள் இஷ்டம்.

படுத்து எழுந்த பிறகு சொல்வது மட்டும் கூடாது. அவர் உடம்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அப்போது வருகிற கோபம் வைரஸ் மேல் வராது, உங்கள் மேல் வரும். அதற்கு லேப் ரிப்போர்ட்டைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 13

என்ன வார்த்தைகளில் சொல்வது என்று கேட்டவருக்கு. என்னுடையது இது:

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பல வருஷமா மருந்து சாப்பிடறேன். ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்கு அடங்கியிருக்கு, அதனால என்கிட்டேருந்து உங்களுக்கு வராது. இப்பவே எதுவும் சொல்ல வேண்டாம், யோசிச்சுச் சொல்லுங்க."

அவ்வளவுதான். இதற்கு மேல் நீட்டினால் மன்னிப்புக் கேட்கிற தொனி வந்துவிடுகிறது. எதற்கு மன்னிப்பு?

"உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று முன்னுரை போடாதீர்கள். அந்த அரை நிமிடத்தில் எதிரில் இருப்பவர் மனசு எங்கெங்கோ போய்விடும். ஒருவர், நான் சொல்லி முடித்ததும் நெஞ்சில் கை வைத்து, "அப்பாடா, உங்களுக்கு எங்கேயோ புருஷன் இருக்காரோன்னு பயந்துட்டேன்" என்றார்.

அழுதுகொண்டே சொல்லவும் வேண்டாம். நீங்கள் அழுதால் அவர் தேற்ற வேண்டியதாகிவிடும், அவருடைய அதிர்ச்சியை விழுங்கிக்கொள்வார். விழுங்கினது பின்னால் வேறொரு சண்டையில் வெளியே வரும்.

இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற வண்டியில் வேண்டாம். கட்டிலில் வேண்டாம். அவர் வீட்டில் வேண்டாம், கதவு அவர் கையில் இருக்கும். ஆள் நடமாட்டம் உள்ள, ஆனால் பேச்சு அடுத்தவர் காதில் விழாத இடமாகப் பாருங்கள். கிளம்பிப் போக உங்களுக்கென்று தனி வழி இருக்கட்டும்.

ஆகஸ்ட் 13, சற்றுப் பிறகு

குடித்திருக்கும்போது வேண்டாம் என்பதை விட்டுவிட்டேன். இருவரில் யார் குடித்திருந்தாலும்.

ஆகஸ்ட் 14

"எனக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா" என்று கொதித்திருக்கும் நெகட்டிவ் நண்பருக்கு.

நீங்கள் கடைசியாக எப்போது டெஸ்ட் எடுத்தீர்கள்? "நான் க்ளீன்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், தேதி ஒன்றும் காணவில்லை.

நான் முதலில் சொன்ன பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்டத்தில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்றியது. வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒன்றுகூட அவர்களுடைய பாசிட்டிவ் துணையின் வைரஸோடு பொருந்தவில்லை. தொற்று வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. தெரிந்து, மருந்து சாப்பிட்டு, ரிப்போர்ட் வைத்திருக்கிற ஆளிடமிருந்து வரவில்லை.

தொற்றிய முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். அந்த நேரத்தில் டெஸ்டில் பிடிபடாமலும் போகலாம். லேபில் ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கே 45 நாள் வரை இடைவெளி இருக்கிறது, விரலில் குத்திப் பார்க்கும் ஆன்டிபாடி கிட்டுக்கு 90 நாள் வரை. ஆக, போன வருஷத்து நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி ஆணுறையைத் தூக்கிப் போடுகிறீர்கள், என் போன மாதத்து வைரல் லோட் ரிப்போர்ட்டைப் பார்த்து ஓடுகிறீர்கள். எது பயப்பட வேண்டியது என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில் இருக்கிறது. ஆணுறை இருக்கிறது, முன்தடுப்பு மாத்திரையான பிரெப் இருக்கிறது. எல்லாவற்றையும் எதிராளியின் வாக்குமூலத்தில் வைத்தீர்கள் என்றால், தனக்கே தெரியாதவர் என்ன வாக்குமூலம் கொடுப்பார்?

ஆகஸ்ட் 15

நேற்று எழுதியதை இன்று படித்தேன். சூடாகத்தான் இருக்கிறது, எடுக்கப் போவதில்லை. ஆனால் அதற்கு ஒரு வேலி போட்டாக வேண்டும், ஏனென்றால் இரண்டு பேர் அதைத் தங்களுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

நான் சொல்வதெல்லாம் வைரஸ் அடங்கி, அது நிலைத்தும் இருப்பவர்களுக்கு. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் வைரஸ் 200 பிரதிக்குக் கீழே என்பது பொதுவாக வைத்திருக்கும் வரம்பு. உலக சுகாதார அமைப்பு 2023-இல் சொன்னது: கண்டறிய முடியாத அளவில் இருந்தால் பாலுறவுத் துணைக்குத் தொற்றும் ஆபத்து பூஜ்யம், கண்டறிந்தும் 1,000 வரை இருந்தால் ஏறக்குறைய பூஜ்யம். மருந்து தொடங்கிப் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். தொடங்கின அன்றைக்கே அடங்காது. போன வாரம் மருந்து ஆரம்பித்தவர், இடையில் நிறுத்தினவர், வைரல் லோட் பார்த்தே வருஷக்கணக்கில் ஆனவர், இவர்கள் யாரும் என் வரியை எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்ப ஏறிவிடும். அந்த நிலையில் சொல்லாமலும் ஆணுறை இல்லாமலும் படுப்பதை நான் எந்தக் கட்சியில் நின்றும் ஆதரிக்க மாட்டேன். நேற்றைய நண்பரின் கோபம் இவர்கள் மேல் என்றால், அவர் பக்கம்தான் நானும்.

பாலுறவு தவிர மற்றவற்றுக்கு இந்தப் பூஜ்யத்தை நீட்டாதீர்கள். ஊசியைப் பகிர்ந்துகொள்வதற்கு இது பொருந்தாது. தாய்ப்பாலில் ஆபத்து மிகவும் குறையும், பூஜ்யம் என்று சொல்வதில்லை. சிஃபிலிஸ், கொனோரியா போன்றவற்றை எச்.ஐ.வி. மாத்திரை தடுக்கவே தடுக்காது.

எங்கேயாவது ஆணுறை கிழிந்து, வைரல் லோடும் தெரியாத நிலை என்றால் 72 மணி நேரத்துக்குள் பின்தடுப்பு மருந்து ஆரம்பிக்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "சொன்னால் திட்டுவாளே" என்று இரண்டு மூன்று நாள் யோசித்துக்கொண்டிருந்தால் அந்த வாசல் சாத்திவிடும். இந்த இடத்தில் மட்டும் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது. உடனே சொல்லுங்கள், திட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆகஸ்ட் 17

சட்டம். கேட்டவர்கள் வெவ்வேறு நாட்டில் இருக்கிறீர்கள், ஒரே பதில் கிடையாது.

கனடாவில் உச்ச நீதிமன்றம் 2012-இல் மபியோர் வழக்கில் சொன்னது: தொற்றுவதற்கு யதார்த்தமான சாத்தியம் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். வைரல் லோட் குறைவாக இருந்து, ஆணுறையும் போட்டிருந்தால் அந்தச் சாத்தியம் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டில் ஒன்று போதும் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. அங்கே இருப்பவர்கள் கவனம். இங்கிலாந்தில் சொல்லாதது மட்டுமே குற்றமாகாது. அலட்சியத்தால் உண்மையிலேயே தொற்ற வைத்தால் வழக்கு வரும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இல்லினாய் 2021-இல் தன் எச்.ஐ.வி. குற்றச் சட்டத்தையே நீக்கிவிட்டது.

இந்தியாவின் 2017 எச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, கொஞ்சம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. கவுன்சலிங் பெற்ற பாசிட்டிவ் நபர், பிறருக்குத் தொற்றாமல் இருக்க நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆபத்தைக் குறைக்கும் வழிகள் ஒரு விதம், முன்கூட்டிச் சொல்வது இன்னொரு விதம். வன்முறை, கைவிடப்படுதல் போன்றவற்றுக்கு நியாயமாக அஞ்சுகிற பெண்ணுக்கு இதில் விலக்கும் உண்டு.

நான் வக்கீல் இல்லை. உங்கள் ஊர் நிலவரத்தை வக்கீலிடமோ, இதில் வேலை செய்கிற அமைப்பிடமோ கேளுங்கள். டேட்டிங் ஆப்பில் அறிமுகமான "சட்டம் தெரிந்தவரிடம்" கேட்க வேண்டாம்.

ஆகஸ்ட் 18

அந்த விலக்கு பற்றி எழுதியதும் ஒரு பெண் தனிச் செய்தி அனுப்பினார். விவரம் எதுவும் எழுதப் போவதில்லை. சொன்னால் அடி விழும், வீட்டை விட்டு வெளியே தள்ளப்படுவார், பிள்ளைகளையும் இழப்பார். "சொல்லுங்கள், நிம்மதி" என்று நான் முதல் நாள் எழுதியது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அவருக்கு எழுதியதையே இங்கேயும் வைக்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம், இப்போதைக்கு. மாத்திரையை விடாதீர்கள், வேறெதையும்விட அது முதலில். ஆணுறைக்குக் காரணம் வேண்டுமென்றால் கர்ப்பம் தள்ளிப்போட, சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது, டாக்டர் சொன்னார், எது எடுபடுமோ அது. கவுன்சிலரிடம் வன்முறை பற்றி வாய் திறந்து சொல்லுங்கள். அவர்கள் முன்னிலையில் துணையிடம் சொல்லும் வழியும் உண்டு, சொல்லாமல் காக்கும் வழியும் உண்டு. நீங்கள் தங்க வேறு இடமும், கையில் கொஞ்சம் பணமும் ஏற்பாடான பிறகு இந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம்.

இதே இழையில் "நேர்மை", "துரோகம்" என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் குறிப்பை இரண்டு முறை படிக்கவும்.

ஆகஸ்ட் 20

கனத்துப் போய்விட்டது. எனக்குக் கிடைத்த பதில்களைச் சொல்கிறேன், சிரிக்கலாம்.

அதிகம் கேட்கப்படுகிற முதல் கேள்வி: "யார்கிட்டேருந்து வந்தது?" இதற்குப் பதில் சொல்லக் கடமை எதுவும் இல்லை. நான் "அது வேற கதை, இன்னொரு நாள்" என்பேன். அந்த இன்னொரு நாள் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. கேள்விக்குப் பின்னால் இருப்பது "நீ எப்படிப்பட்டவ?" என்பதுதான். அதை நேராகக் கேட்டால் நேராகவே பதில் சொல்லியிருப்பேன்.

ஒருவர் "ஓ, அப்படியா, பரவாயில்லை" என்று மின்னல் வேகத்தில் சொன்னார். அவ்வளவு வேகம் ஆகாது. சில நாள் சத்தமே இல்லை. பிறகு நடுராத்திரியில் ஒரு செய்தி: நாம் முத்தம் கொடுத்துக்கொண்டோமே, நான் பின்தடுப்பு மருந்து சாப்பிட வேண்டுமா? உமிழ்நீரில் பரவாது என்று எழுதினேன். "தெரியும், ஆனாலும்" என்று பதில். ஆனாலும் என்பதற்கு மருந்து இல்லை. விட்டுவிட்டேன்.

இன்னொருவர், நான் என் வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போதே "எந்த மாத்திரை?" என்று கேட்டார். ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. அப்புறம் இருவரும் டோலுடெக்ராவிர் என்கிற எச்.ஐ.வி. மாத்திரை பற்றிப் பேசிக்கொண்டே இருந்தோம். அவருக்குத் தூக்கம் கெட்டிருந்தது, எனக்கு எடை ஏறியிருந்தது. அவரும் அன்றைக்குத்தான் என்னிடம் சொல்வதாக இருந்தாராம், நான் முந்திக்கொண்டேன். கொஞ்ச நாளில் அது முறிந்தது. காரணம் வைரஸ் இல்லை. எங்கே வரச் சொன்னாலும் ஒரு மணி நேரம் தாமதம். மாத்திரை நேரம் மட்டும் தவறவே மாட்டார்.

மூஞ்சி மாறி, எழுந்து போனவர்களும் உண்டு. அதை விவரிக்க ஒன்றுமில்லை. போனார்கள்.

ஆகஸ்ட் 21

எழுத்தில் சொல்லலாமா, நேரில்தான் சொல்ல வேண்டுமா?

நேரில் என்பேன், ஸ்கிரீன்ஷாட் பயம் ஒன்று போதும். மிரட்டுகிறவன் கையில் எழுத்து இருந்தால் அவன் பாடு சுலபம். வேல்ஸ் ரக்பி அணியின் முன்னாள் கேப்டன் காரெத் தாமஸ் 2019 செப்டம்பரில் ஒரு வீடியோவில் தன் நிலையைத் தானே அறிவித்தார். வெளியே சொல்லிவிடுவோம் என்ற மிரட்டலுக்கு ஆளானதைச் சொல்லி, முந்திக்கொண்டு தானே சொல்வதாகச் சொன்னார். மறுநாளே அயர்ன்மேன் வேல்ஸ் பந்தயத்தில் நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடி முடித்தார். அவருக்கே அந்தக் கதி என்றால், நமக்கு?

எழுத்துக்கும் ஒரு நல்ல பக்கம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நேரில் சொன்னால் அவர் முகத்தை நாம் பார்த்துக்கொண்டிருப்போம், நாம் பார்க்கிறோம் என்பதால் அவர் முகத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார். இருவரும் நடிக்கிறோம். எழுத்தில் அவர் தனியாக அதிர்ந்து, தனியாகத் தேடிப் படித்து, பிறகு வரலாம். போனில் பேசுவது இரண்டுக்கும் நடுவில். காது கேட்கும், முகம் தெரியாது, பதிவும் பெரும்பாலும் இருக்காது. யோசிக்க யோசிக்க, போன் அவ்வளவு மோசமில்லை என்றே படுகிறது. வன்முறை பயம் கொஞ்சம் இருந்தால்கூட போன்தான்.

ஆகஸ்ட் 26

ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னால் காட்டலாமா என்று ஒருவர்.

இப்போது என்னோடு இருப்பவர் அதைத்தான் கேட்டார். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு "அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கலாமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் வாய்வார்த்தை போதாதா, நான் என்ன சரக்கா, தரச் சான்றிதழ் காட்டி விற்க? அன்று காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தால், மற்ற இரண்டு வகை ஆட்களைவிட இவர் மேல். "பரவாயில்லை" என்று பொய்யாகச் சொல்லவில்லை, ஓடவும் இல்லை. எண்ணைப் பார்த்து முடிவு செய்கிற ஆள். அடுத்த முறை போனிலிருந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன், அனுப்பவில்லை. காட்டிவிட்டு, "உங்களுது?" என்றேன். திருதிருவென்று விழித்தார். நாற்பத்தைந்து வயதில் ஒரு முறைகூட டெஸ்ட் எடுத்ததில்லை. கல்யாணம் ஒன்று ஆகி முடிந்திருக்கிறது, அதற்குப் பிறகும் தொடர்புகள். கேள்வி கேட்கிற உரிமை தனக்கு மட்டும் என்று நினைத்திருந்தார். எடுத்துக்கொண்டு வந்தார். எச்.ஐ.வி. நெகட்டிவ், ஆனால் சிஃபிலிஸ் இருந்தது. பென்சிலின் ஊசியில் தீர்ந்தது. அந்த ஊசி எப்படி வலிக்கிறது என்று என்னிடம் வந்து முறையிட்டார், என்னிடம்!

ஆகவே என் பதில்: காட்டலாம், கண்ணெதிரில், கோப்பைக் கை மாற்றாமல். கூடவே அவருடையதையும் கேளுங்கள்.

ஆகஸ்ட் 30

கேள்வி கேட்ட தம்பி சொல்லிவிட்டாராம். போனில்தான். அவள் அழவில்லை, திட்டவில்லை, இரண்டு கேள்வி கேட்டாள்: பின்னாளில் குழந்தை பெற முடியுமா, எவ்வளவு காலம் உயிரோடு இருப்பாய். இரண்டுக்கும் நல்ல பதில்தான். வைரஸ் அடங்கிய ஆண் இயல்பான வழியிலேயே அப்பா ஆகலாம், மனைவிக்கும் பிள்ளைக்கும் அவரிடமிருந்து வராது. காலத்தோடு மருந்து தொடங்கி விடாமல் சாப்பிட்டால் ஆயுசு மற்றவர்களுக்கு ஏறத்தாழச் சமம். ஆனால் இரண்டு வாரமாகியும் அவள் "ஆணுறை இல்லாமல் முடியாது" என்கிறாளாம். "இவ்வளவு ஆதாரம் அனுப்பியும் நம்ப மாட்டேங்கிறா" என்று அவருக்கு வருத்தம்.

ஆதாரத்தை டாக்டர்களே எவ்வளவு காலம் நம்பவில்லை தெரியுமா? 2008 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் நிபுணர்கள், ஆறு மாதமாவது வைரஸ் அடங்கி, வேறு பால்வினை நோயும் இல்லாதவர் துணைக்குத் தொற்ற வைக்க மாட்டார் என்று எழுதியபோது, பொறுப்பில்லாத பேச்சு என்று பல பக்கமிருந்தும் பாய்ந்தார்கள். 2011-இல் எச்.பி.டி.என். 052 ஆய்வு வந்தது. ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகள், சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்றது. அதற்கும் "மீதி 4 சதவீதம்?" என்றார்கள். பார்ட்னர் ஆய்வின் 2016, 2019 முடிவுகள் வந்த பிறகுதான் பேச்சு அடங்கியது. அப்போதும் எல்லா ஆஸ்பத்திரியிலும் அடங்கவில்லை. கையுறைக்கு மேல் கையுறை போட்டு என் பல்லைப் பிடுங்கியவரை எனக்குத் தெரியும். படித்தவர்கள் பத்து வருஷம் எடுத்துக்கொண்டார்கள், அவளுக்கு இரண்டு வாரம் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆணுறை போடுங்கள் தம்பி. கர்ப்பத்துக்கும் ஆகும், மற்ற நோய்களுக்கும் ஆகும். அவளே பிரெப் பற்றி டாக்டரிடம் கேட்கட்டும். மாத்திரையாக 2012-லிருந்து அனுமதி பெற்றிருக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியாக லெனகாபவிருக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட் இப்படியே இருக்கும்வரை அவளுக்கு அது தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தேவையா இல்லையா என்று முடிவு செய்வது அவள். அவள் உடம்பு.

செப்டம்பர் 6

கடைசியாக வந்த கேள்வி வேறு திசை. இனி வரப் போகிறவர்களிடம் சொல்வது இருக்கட்டும், எனக்குத் தெரிய வருவதற்கு முன்பு பழகியவர்களிடம் யார் சொல்வது?

இது கசப்பான வேலை. மருந்தில்லாத காலத்தில் பழகியவர் என்றால், "சொல்லத் தேவையா" என்ற வாதமே எழாது. அவருக்கு இருந்தால், தெரியாமலே உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் அவரும் நன்றாக இருப்பார், அவர் துணைக்கும் போகாது. நானே சிலரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர் நான்தான் கொடுத்தேன் என்று முடிவே கட்டிவிட்டார், எனக்கு அவரிடமிருந்து வந்ததா, அவருக்கு என்னிடமிருந்து போனதா, கடவுளுக்கே வெளிச்சம்.

நேராகக் கூப்பிட முடியாதவர்களுக்கு, பல இடங்களில் பரிசோதனை மையமே அந்த வேலையைச் செய்து கொடுக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லாமல், "உங்களுக்குத் தொற்று ஏற்பட்டிருக்க வாய்ப்பு உண்டு, வந்து டெஸ்ட் எடுங்கள்" என்று மட்டும் தகவல் போகும். உங்கள் மையத்தில் அந்த வசதி உண்டா, பெயர் வெளியே போகாது என்பதற்கு என்ன உறுதி, இரண்டையும் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் நம்பர்களைக் கொடுங்கள்.